பியூஸ் கட்டையும் கக்கூஸ் சாவியும்

எங்கள் வீட்டில் அம்மாவும் நைனாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில் இருவருக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்தவள் நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நான் நான்காம் வகுப்பு. வீட்டில் ஒரே பிள்ளை என்பதால் வேலைக்குப் போட்டியும் கிடையாது. "உங்க நைனாவ சாப்ட வரச் சொல்லு" என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். ராயபுரத்து லைன் வீடு, மொத்தமே ஒரு அறைதான். நைனாவின் காதில் அது விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் நான் எழுந்து வாசலுக்குப் போய் அதே வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவர் எழுந்து வருவார். உட்கார்ந்ததும், "உங்கம்மாவ கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லு" என்பார். அம்மா கரண்டியை ஏற்கெனவே தூக்கியிருப்பாள். நான் சொல்லும்வரை அந்தக் கரண்டி அப்படியே நிற்கும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வேலை என்று வந்துவிட்டால் அதில் கொஞ்சம் அதிகாரமும் சேர்ந்துவிடும் அல்லவா? "மண்ணெண்ணெ தீந்து மூணு நாளாவுது, உங்க நைனாவுக்குக் கண்ணு தெரியலியான்னு கேளு" என்று அம்மா கொடுத்தனுப்பினால், "நைனா, மண்ணெண்ணெ தீந்துபோச்சாம்" என்று மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மீதியை நடுவிலேயே நிறுத்திக்கொள்வேன். அம்மா அதற்காக என்னைக் கோபித்துக்கொண்டதில்லை.

அவர்கள் பேசாமல் போனதற்குக் காரணம் என் மாமாவின் மூன்று விரல்கள்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். நைனா வேலை பார்த்த ரொட்டி கம்பெனியில் நைனாவே சொல்லி அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் ரொட்டி அங்கிருந்துதான் போகும். இரண்டு பேருக்கும் மாவு பிசையும் மிஷினில் வேலை. நான் நின்றால் தலை வெளியே தெரியாத அளவுக்குப் பெரிய தொட்டி, அதற்குள் சுழலும் இரும்புக் கைகள். ஒரு தடவை பிசைந்து எடுத்ததும் மூலைகளில் மாவு அப்பிக்கொண்டு நிற்கும். ஒருவர் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மிஷினின் ஸ்விட்ச் பெட்டியோ ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே நிற்பவருக்குத் தொட்டி தெரியாது.

அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே சுரண்டப் போகிறவர் தன் தோளில் இருக்கும் துண்டை ஸ்விட்ச் பெட்டியின் மேல் போட்டுவிட்டுப் போவார். துண்டு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். வெளியே வந்ததும் துண்டை எடுத்துக்கொள்வார். துண்டு இல்லையென்றால் ஸ்விட்சைப் போடலாம். பல வருடமாக அப்படித்தான் நடந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு நாள் மாமா துண்டைப் போட்டுவிட்டுத் தொட்டிக்குள் குனிந்திருந்தார். அடுப்புப் பக்கத்தில் வேலை செய்தவர் சூடான தட்டு ஒன்றைப் பிடிக்கத் துணி கிடைக்காமல் நாலு பக்கமும் பார்த்து, கைக்கு எட்டிய அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நைனா வந்து பார்த்தார். துண்டு இல்லை. ஸ்விட்சைப் போட்டார்.

மாமாவின் வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின. அதுவரை எங்கள் தெருவில் அவரைக் கேரம் போர்டில் ஜெயித்தவர் கிடையாது.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் கவனத்தைப் பற்றிப் பேசினார்கள். கம்பெனிச் சுவரில் 'கவனமாக வேலை செய்யவும்' என்று ஒரு போர்டு முன்பே இருந்தது. விபத்து நடந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. மேனேஜர் அதைச் சிவப்புப் பெயிண்டால் இன்னும் பெரியதாக எழுதவைத்தார். கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாமாவைப் பார்க்க வந்தவர், யார் தவறு என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டாராம். மாமா சொன்ன பதிலைப் பிற்காலத்தில் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"மச்சான் கவனமாதான் பாத்தாரு சார். பாத்துட்டுதான் போட்டாரு. கவனம் மட்டும் பத்தல, அவ்ளோதான்."

அம்மாவுக்கு இந்தப் பதில் ஆகவில்லை. தூணைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு தடவை எட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாள். அதையேதான் நைனாவும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குள் காசிமேட்டில் மாமாவுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், கல்யாணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள். அந்தப் 'பிறகு' வராது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மா நைனாவிடம் பேசுவதை நிறுத்தினாள். எனக்கு வேலை கிடைத்தது.

கை ஆறி மாமா திரும்பவும் வேலைக்குப் போனபோது நைனா இரண்டு காரியம் செய்தார். முதலாவது, இனிமேல் தொட்டிக்குள் நான்தான் இறங்குவேன், ஸ்விட்ச் பக்கம் மாமா நிற்கட்டும் என்று மாற்றிக்கொண்டார். இரண்டாவது காரியத்துக்கான யோசனை எங்கள் லைன் வீட்டு ஓனரிடமிருந்து வந்தது. வாடகை தராத குடித்தனக்காரர்களின் விளக்கை அணைப்பதற்கு ஓனர் சண்டை போட மாட்டார். மெயின் பெட்டியைத் திறந்து, அந்த வீட்டின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வெள்ளைப் பீங்கானில் செம்புப் பல் வைத்த, உள்ளங்கை அளவுக் கட்டை. அது இல்லாமல் எத்தனை தடவை ஸ்விட்சைத் தட்டினாலும் விளக்கு எரியாது. நைனா அந்த ஓனரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் கம்பெனியில் அதையே செய்தார். தொட்டிக்குள் இறங்குகிறவர் முதலில் மிஷினின் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்து அவரே தன் கையால் மாட்ட வேண்டும்.

மேனேஜருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடுங்கி மாட்டிப் பிடுங்கி மாட்டி வேலை தாமதமாகிறது என்றார். ஆனால் மாமாவின் கை எதிரே நின்றுகொண்டிருந்ததால் அப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டார்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கேக் ஆர்டர் குவிந்து கம்பெனியே மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை நைனாவுக்குக் காலை ஷிப்ட். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வேண்டும் என்று நான் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் மத்தியானம் வந்தால் தருவதாகச் சொல்லியிருந்தார். ஷிப்ட் முடியும் நேரத்தில் நைனா தொட்டியைச் சுத்தம் செய்து வெளியே வந்தார், சங்கு ஊதியது, வண்டிக்காரர் போய்விடப் போகிறாரே என்று ஓடிவந்தார். தலையில் வைக்கோல் கட்டோடு அவர் சந்துக்குள் நுழைந்ததைப் பார்த்து நான் குதித்தேன். சட்டையைக் கழற்றி அழுக்குத் துணியோடு போட்டுவிட்டு வைக்கோலைப் பிரித்துப் பரப்ப உட்கார்ந்தார். மாமா ஓவர்டைம் என்று கம்பெனியிலேயே இருந்துவிட்டார்.

அம்மா குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். நைனாவின் சட்டையை ஓங்கிக் கல்லில் அடித்தபோது 'டங்' என்று சத்தம் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அம்மா பையிலிருந்து அந்த வெள்ளைக் கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த பெண்களும் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். அது என்ன என்பது அந்த லைனில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் முகம் எனக்குப் பிடிபடவில்லை. திட்டப் போகிறாளா, அழப் போகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை.

"உங்க நைனாகிட்ட காட்டு" என்றாள்.

ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நைனா மார்பில் கை வைத்து ஒருமுறை பையைத் தேடினார், உடம்பில் சட்டையே இல்லாதபோது. பிறகு கட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, வெறும் உடம்பில் துண்டைப் போட்டபடி செருப்புகூட இல்லாமல் ஓடினார். சந்து முனைவரை போயிருப்பார். எதிரே ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மேனேஜர். பின்னால் உட்கார்ந்திருந்தவர் மாமா.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அன்று அவர் கோபப்பட்டதில் நியாயமும் இருந்தது. அடுத்த ஈட்டுக்கு மாவும் தண்ணீரும் ஈஸ்டும் தொட்டியில் கொட்டிய பிறகுதான் கட்டை இல்லாததைப் பார்த்திருக்கிறார்கள். மாற்றுக் கட்டை ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் சாவியை ஸ்டோர்கீப்பர் வழக்கம்போலத் தன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். அவரை யாரும் அதற்காகத் தேடிக்கொண்டு போகவில்லை, அது வேறு விஷயம். ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஷின் அசையாமல் நின்றது. முழு லைனும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க, மேனேஜர் நடுச்சந்தில் நின்று நைனாவைக் கேட்டார். வேலை செய்ய வருகிறாயா, கம்பெனியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வருகிறாயா என்றார். நைனா கட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதெல்லாம் சரிப்படாது. இந்தக் கட்டை சமாச்சாரத்த இன்னியோட விட்டுடுங்க. திங்கக்கிழமைலேர்ந்து பழையபடி துண்டு. கொஞ்சம் கவனமா இருந்தா போதும்" என்றார் மேனேஜர்.

"சரிங்க சார்" என்றார் நைனா.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. மிஷினைப் பற்றி அல்ல. என் நைனா வெறும் உடம்போடு, தலைமுடியில் வைக்கோலோடு, எல்லோர் முன்னாலும் அப்படி நிற்கிறாரே என்றுதான். மறுபடியும் துண்டு என்றால் என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. தொட்டிக்குள் இறங்குவது இப்போது நைனா என்பதும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குழாயடியிலிருந்து எழுந்துவந்து எங்கள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமா ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். மேனேஜரிடம் அவர் எப்போதும் சத்தமாகப் பேச மாட்டார். அன்றும் பேசவில்லை.

"சார், துண்டு காணாமப் போச்சுன்னா மிஷின் ஓடும். கட்ட காணாமப் போச்சுன்னா மிஷின் நிக்கும். இன்னிக்கி நின்னுச்சி, ஒத்துக்கறேன். நின்ன மிஷின ஓட்டிக்கலாம்."

அதற்கு மேல் சொல்லாமல் வலது கையைத் தூக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரா, மூக்குதான் அரித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேனேஜர் கொஞ்சம் தணிந்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நீ பதில் சொல்வாயா, நாளைக்கு இவர் ஊருக்குப் போகும்போது கொண்டுபோனால் என்ன செய்வது, ஒவ்வொரு தடவையும் கட்டைக்காக நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வர முடியுமா என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். நைனா மறுபடியும், இனிமேல் ஜாக்கிரதையாக இருப்பேன் என்று முணுமுணுத்தார். ஜாக்கிரதை என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா சட்டென்று திரும்பிப் போனாள்.

உள்ளே போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனது சந்தின் கோடியில் இருந்த ஆணிக்கு. அந்த ஆணியில்தான் எங்கள் லைனுக்குப் பொதுவான கக்கூஸின் சாவி தொங்கும். ஒரு காலத்தில் அது வெறும் சாவியாக இருந்தது. ஹார்பரில் வேலை பார்த்த ஒருவர் காலையில் போய்விட்டு வந்து, சாவியை மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று அந்த லைன் பட்ட பேஜாரை எழுத்தில் எழுத முடியாது. அடுத்த நாளே யாரோ உடைந்த படகின் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து, முழங்கை நீளத்துக்கு அறுத்து, சாவியை அதில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு அந்தச் சாவி காணாமல் போனதே இல்லை. கக்கூஸுக்குப் போவது ஊருக்கே தெரிந்துவிடுகிறதே என்று எனக்கு மட்டும் வருத்தம்.

அம்மா அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே வந்தாள். மேனேஜர் அது என்னவென்று புரிந்துகொண்டு ஓரடி பின்னால் போனார். நான் என் வேலைக்குத் தயாராக முன்னால் போய் நின்றேன். 'உங்க நைனாகிட்ட சொல்லு' என்று ஆரம்பிப்பாள், கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அம்மா என்னைக் கையால் ஓரமாக ஒதுக்கினாள்.

"இந்தாங்க" என்றாள். நைனாவைப் பார்த்து. "இத்த எவனாவது மறந்துபோய் பாக்கெட்டுல போட்டுக்கினு போயிகீறானா?"

லைன் முழுக்கச் சிரித்தது. மேனேஜருக்கும் சிரிப்பு வந்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார். மாமா பக்கத்தில் நின்றவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நைனா மட்டும் சிரிக்கவில்லை. கட்டையைப் பார்க்கவும் இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார்.

மேனேஜர் பியூஸ் கட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். "சார், பாத்து. நீங்களும் அப்டியே வூட்டுக்குப் போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மாமா பின்னால் ஏறினார். அன்று ஆஸ்பத்திரிக்கு ரொட்டி தாமதமாகத்தான் போயிற்று. ஆனால் போயிற்று.

திங்கட்கிழமை நைனா கம்பெனியில் அடிபட்டு நெளிந்த ரொட்டி டின் ஒன்றைக் கேட்டு வாங்கி, பியூஸ் கட்டையை அதோடு சங்கிலியால் பிணைத்தார். மரக்கட்டை வைக்காமல் டின்னை வைத்ததற்கு ஒரு காரணம் சொன்னார். கேட்டில் வாட்ச்மேன் சட்டைப்பையைத் தேட மாட்டார், ஆனால் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வெளியே விடுவார். கம்பெனிச் சாமான் என்று எழுதிய டின்னோடு ஒருவன் வெளியே வந்தால் அவர் சும்மா விட மாட்டார். தொட்டிக்குள் இறங்குகிறவர் டின்னை இடுப்பில் கட்டிக்கொள்வார். அது தொட்டியில் இடித்துக் கடகடவென்று சத்தம் போடும். ஆள் உள்ளே இருப்பது தூணுக்கு அந்தப் பக்கமும் கேட்கும். இது எதிர்பாராமல் கிடைத்த லாபம். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நைனா டின்னைக் காட்டி, மாமாவின் கையையும் காட்டி, ஸ்விட்சைப் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைக் கற்றுக்கொடுப்பாராம். அவர் ரிடையர் ஆகும்வரை அந்த மிஷின் இன்னொரு விரலை எடுக்கவில்லை. வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் மேனேஜர் அந்த டின்னைப் பெருமையாக எடுத்துக் காட்டுவார் என்றும் கேள்வி. கக்கூஸ் சாவியைப் பற்றி அவர் சொல்லியிருக்க மாட்டார்.

மாமாவுக்கு இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் பெண் அமைந்தது. அதற்குள் இடது கையால் கேரம் ஆடப் பழகி, தெருவில் பாதிப் பேரை மறுபடி தோற்கடித்திருந்தார்.

நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை சாயந்திரத்தைப் பற்றி. கூட்டம் கலைந்து, சாவி ஆணிக்குப் போய், நைனா குடிலுக்கு வைக்கோல் பரப்பி முடித்திருந்தார். வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா சோற்றை வடித்து இறக்கினாள். நான் வழக்கம்போல எழுந்து தயாராக நின்றேன்.

"சாப்ட வாங்க" என்றாள் அம்மா. என்னைப் பார்த்து அல்ல, வாசலைப் பார்த்து.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒருத்தி இங்கே நிற்கும்போது அவளே எதற்குச் சொல்ல வேண்டும்? நான் என்ன தவறு செய்தேன்? மத்தியானமும் இப்படித்தான் என்னைத் தள்ளிவிட்டாள். அழுகை வந்தது. அதைவிட எரிச்சலான விஷயம், அம்மா கூப்பிட்டும் நைனா எழுந்து வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மிஷின் சத்தத்தில் காது போய்விட்டது, என்னை விட்டால் அவருக்குச் சொல்ல ஆள் இல்லை என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. போய் அவர் தோளைத் தட்டினேன்.

"நைனா, அம்மா சாப்ட கூப்டுது."

"கேட்டுச்சும்மா" என்றார், திரும்பாமல். "இன்னொரு தபா கூப்புடுதான்னு பாக்கறேன்."

முதல் தடவையே காதில் விழுந்த பிறகு இன்னொரு தடவை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இந்தச் சோம்பேறித்தனத்தை உள்ளே போய் அம்மாவிடம் அப்படியே, ஒரு சொல்லையும் நடுவில் நிறுத்திக்கொள்ளாமல், சொல்லிவிட்டேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுந்து வாசலுக்கே போனாள்.